கப்பலில் ஒரு நாள் சும்மா இருக்க ஆன செலவு

நான் சிவகாசியில் சின்னதாக ஓர் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகிவிட்டால் அதற்கப்புறம் மார்கழி முடிகிறவரை எங்கள் தொழிலில் யாருக்கும் தூக்கம் கிடையாது. மூச்சு விடுகிற காலம் என்றால் வைகாசியும் ஆனியும்தான். அப்படித்தான் 2024 ஆனியில், சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்விட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்குகிற நான்கு இரவுக் கப்பல் ஒன்றில் எனக்கும் மனைவிக்கும் பதிவு செய்தேன். பினாங்கும் புக்கெட்டும் எனக்குப் பெரிய ஆசையில்லை. நாலாவது நாள் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் முழு நாளும் கடலில் போகும் என்று அட்டவணையில் போட்டிருந்தது. போன் அடிக்காது, மெஷின் சத்தம் கிடையாது, மை வாசனை கிடையாது. மேல்தளத்தில் ஒரு சாய்வு நாற்காலி, கையில் ஒரு காபி. அந்த ஒரு நாளுக்காகத்தான் அத்தனை ஏற்பாடும்.

அந்த நாளில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது மொத்தம் இரண்டு மணி நேரம். அநியாயமாகப் போன பணம் 95,250 ரூபாய். ஒரு புரூப் தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக் கூட்டிப் பார்த்தேன், அதனால் கணக்கு சரியாகவே இருக்கும். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் அடி கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்பே விழுந்தது. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மனைவி வர முடியாது. நானும் போகவில்லை என்றுதான் சொன்னேன். "ரெண்டு பேர் காசும் போறதுக்கு நீங்களாவது போயிட்டு வாங்க. இங்க நீங்க இருந்து என்ன செய்யப் போறீங்க?" என்றாள். நியாயமான கேள்விதான். ஏஜென்டுக்குப் போன் செய்தபோதுதான் கப்பல் கணக்கே எனக்குப் புரிந்தது. கப்பலில் அறை வாடகையை ஆளுக்கு இவ்வளவு என்று சொல்வார்கள், ஆனால் அது ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துப் போட்ட விலை. தனியாகப் போகிறவரும் பெரும்பாலும் இரண்டாவது ஆளுக்கும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும். கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லையென்றால் அவருடைய கட்டணம் போனது போனதுதான். துறைமுக வரி என்று பிரித்துப் போட்டிருக்கும் தொகை மட்டும் திரும்ப வரும், அதையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். மனைவியின் பங்கு 48,000 ரூபாய். அதில் துறைமுக வரி 9,000 ஏழு வாரம் கழித்து வந்தது. மீதி 39,000 போச்சு. திருச்சியிலிருந்து எடுத்த விமான டிக்கெட்டும் மலிவு டிக்கெட், ரத்து செய்தால் ஒன்றும் தேறாது. அதில் 14,000.

பயணத்தை ரத்து செய்தால் பணம் தருகிற காப்பீடு ஒன்றை ஏஜென்ட் சொல்லத்தான் செய்தார். 1,800 ரூபாயோ என்னவோ. "நமக்கு என்ன ஆகப்போகிறது" என்று வேண்டாம் என்றேன். நமக்கு ஒன்றும் ஆகவில்லை, மாமியாருக்கு ஆயிற்று. அந்த மாதிரிக் காப்பீடு எடுக்கும்போது பெற்றோர், மாமனார், மாமியார் உடல்நிலை காரணமாக ரத்து செய்தாலும் பணம் உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பலுக்குள் நடக்கும் மருத்துவச் செலவும் அதில் அடங்குமா என்பது இரண்டாவது கேள்வி. அது எதற்கு என்று பின்னால் வரும். இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் என்று, விற்கிறவரே முன்கூட்டி வசூலிக்கிற வருமான வரியாக ஒரு தொகை பிடிப்பார்கள். அப்போது 5 சதவீதம் பிடித்தார்கள். பலர் அதைச் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். வருமான வரிக் கணக்கில் காட்டினால் அது உங்களுக்கே திரும்பும். என் ஆடிட்டர் கேட்காமல் இருந்திருந்தால் நானும் விட்டிருப்பேன்.

விசா விஷயத்தில் மட்டும் நான் தப்பித்தேன். அப்போது மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, சிங்கப்பூருக்கு உண்டு. கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பித் திரும்பி வருகிறதல்லவா, அது இரண்டாவது முறை நுழைவது. அதனால் பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூருக்கான வருகை அட்டையையும் விமானத்தில் இறங்கும்போது ஒருமுறை, கப்பலில் திரும்பும்போது இன்னொருமுறை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். கடைசி நாள் காலையில் வரிசையில் நின்றுகொண்டு அதை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய குடும்பத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

மரீனா சவுத் பியர் ரயில் நிலையத்தில் இறங்கினால் கப்பல் முனையம் நடக்கிற தூரம்தான். பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள், அது நேராக நம் அறைக்கு வரும். வரும், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. என் பெட்டி இரவு எட்டரைக்கு வந்தது. பிரஷர் மாத்திரை அதற்குள் இருந்தது. மாத்திரை, பாஸ்போர்ட், மாற்றுச் சட்டை ஒன்று, இவை எப்போதும் தோளில் மாட்டும் பையில் இருக்கட்டும். பெட்டி வந்தபோது அதில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மனைவி ஆசையாக வைத்து அனுப்பிய மின்சாரக் கெட்டிலைப் பாதுகாப்புப் பிரிவு எடுத்து வைத்திருக்கிறது, இறங்கும்போது பெற்றுக்கொள்ளவும் என்று. இஸ்திரிப் பெட்டி, கெட்டில் மாதிரி சூடாகிற எந்தச் சாமானையும் கப்பலில் விடமாட்டார்கள். தீ பிடித்தால் நடுக்கடலில் எங்கே ஓடுவது? நியாயம்தான். வீட்டில் செய்த சாப்பாட்டையும் பொதுவாக அனுமதிப்பதில்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட்டுகளை ஒன்றும் சொல்லவில்லை. என் காராச்சேவு தப்பித்தது.

கிளம்புவதற்கு முன் எல்லோரையும் கூட்டி, ஆபத்து வந்தால் எங்கே வந்து நிற்க வேண்டும், உயிர்காப்புச் சட்டையை எப்படி மாட்டுவது என்று காட்டுகிறார்கள். ஏழு முறை குட்டையாக, ஒருமுறை நீளமாகச் சங்கு ஒலித்தால் அபாயம். எனக்குப் பக்கத்தில் நின்ற இளைஞர்கள் சலித்துக்கொண்டார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்களே, அன்றைக்கு ஏறிய பலருக்கு இந்தப் பயிற்சி அதுவரை நடந்திருக்கவில்லை. பயணிகள் ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அன்றைய விதி. அதற்கப்புறம்தான் கிளம்பும் முன்பே அல்லது கிளம்பிய உடனே நடத்த வேண்டும் என்று மாற்றினார்கள். அரை மணி நேரம், நின்று கேட்டுவிட்டுப் போகலாம்.

என் அறை கப்பலின் மூக்குப் பக்கம், மேலே பத்தாவது தளத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறை. பதிவு செய்யும்போது "அறை எண்ணை நாங்களே ஒதுக்குகிறோம், விலை குறைவு" என்று ஒரு வகை இருந்தது. அதைத்தான் எடுத்தேன். ஆளுக்கு மூவாயிரமோ என்னவோ மிச்சம். தூங்குவதற்குத்தானே அறை, எங்கே இருந்தால் என்ன என்று நினைத்தேன். இந்தக் கதையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் இதுதான். இரண்டாவது முட்டாள்தனம், ஆனி மாதத்தில் ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்காமல் விட்டது. நானே ஒரு சீசன் தொழில் செய்கிறவன். சீசன் இல்லாத மாதத்தில் விலை ஏன் இறங்கும் என்று எனக்குத் தெரியாதா? மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபர்வரை அந்தமான் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று. புக்கெட்டின் மேற்குக் கரையில் அலை அடிக்கிற காலம் அது. டிசம்பரிலிருந்து மார்ச்சுவரை அதே கடல் குளம் மாதிரிக் கிடக்குமாம். அப்போது விலையும் கூடுதல்.

பினாங்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அங்கேயும் ஒரு லிட்டில் இந்தியா இருக்கிறது, வாழையிலையில் சாப்பிட்டேன், திரும்பி வந்தேன். புக்கெட்டில்தான் வினை ஆரம்பித்தது. கப்பல் கரையில் கட்டவில்லை. விரிகுடாவில் நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். கடைசிப் படகு நான்கு மணிக்கு. கடைவீதியில் நிதானமாக நடந்துகொண்டிருந்தேன். போனில் மணி 2:50. எதிரே கப்பலில் பார்த்த ஒரு தம்பதி வேகவேகமாக ஓடுகிறார்கள். ஏன் என்று கேட்டேன். "டைம் ஆச்சே!" என்றார்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். என் போன் கரையில் இறங்கியதும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. கப்பல் மாறவில்லை, அது சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடுகிறது. அப்படியென்றால் கப்பலில் மணி 3:50.

ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில், வெயிலில், செருப்புக் காலோடு. கடைசிப் படகில் கடைசி ஆளாக ஏறினேன். அறைக்கு வந்து, தினமும் கதவடியில் போடுகிற நிகழ்ச்சித் தாளை எடுத்துப் பார்த்தேன். நல்ல தாள்தான், 100 ஜிஎஸ்எம் கனம் இருக்கும், ஆனால் மஜெண்டா மை ஒரு நூல் விலகி அச்சாகியிருந்தது. அந்த விலகல் முதல் நாளே என் கண்ணில் பட்டுவிட்டது. அடியில் எட்டு பாயின்ட் எழுத்தில் "எல்லா நேரங்களும் கப்பல் நேரம்" என்று போட்டிருந்தது மட்டும் மூன்று நாளாகக் கண்ணில் படவில்லை. அச்சுக்காரனுக்கு இது அவமானம். நீங்கள் போவதாக இருந்தால் ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள், ஏறியதும் கப்பல் நேரத்துக்குத் திருப்பிவிட்டு அப்புறம் தொடாதீர்கள். கப்பல் ஓரிருவருக்காகக் காத்திருக்காது. விட்டுவிட்டுப் போனால் அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான்.

ஓடிய களைப்பு, தப்பித்த சந்தோஷம், இரண்டும் சேர்ந்து பயங்கரப் பசி. இரவு பஃபேயில் பிரியாணி, அதன்மேல் இறால், அப்புறம் ஒரு தட்டு ஐஸ்கிரீம். கப்பலில் சாப்பாட்டுக்குத் தனிக்காசு இல்லை என்பதால் நம் ஆட்கள் செய்கிற அதே தப்பு. சாப்பிட்டு முடிக்கும்போதே தரை லேசாக மேலே வந்து கீழே போவது தெரிந்தது. கேப்டன் ஒலிபெருக்கியில், இன்றிரவு கொஞ்சம் அலை இருக்கும், காலையில் மலாக்கா நீரிணைக்குள் போனதும் சரியாகிவிடும் என்றார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. நானும் படுத்துவிட்டேன்.

பதினொன்றரை இருக்கும். அலமாரிக்குள் தொங்கிய ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தத்தில் விழித்தேன். டிக், டிக்டிக், அப்புறம் ஒரு நீண்ட அமைதி, மறுபடி டிக். அந்த அமைதியின்போதுதான் கட்டில் மேலே போகும். போய் ஒரு கணம் நிற்கும். பிறகு வயிற்றை மேலேயே விட்டுவிட்டு உடம்பு மட்டும் கீழே இறங்கும். உள்ளறை என்பதால் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, எது மேல் எது கீழ் என்றே தெரியவில்லை. விளக்கைப் போட்டால் சுவர் ஆடாமல் நிற்கிறது, உடம்பு ஆடுகிறது. பின்னால் தெரிந்துகொண்டேன், அதுதான் நோயே. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு அசைகிறோம் என்கிறது, கண் அசையவில்லை என்கிறது. இரண்டுக்கும் நடக்கிற சண்டையில் வயிறு மாட்டிக்கொள்கிறது. கப்பலுக்கு அடியில் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி இருக்கிற கருவி பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். மூக்கு தூக்கித் தூக்கி விழுவதை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. நான் படுத்திருந்தது அந்த மூக்கில், அதுவும் உயரத்தில். தராசின் நடுமுள் அசைவதைவிடத் தட்டு எவ்வளவு அதிகம் அசையும்! நான் தட்டில் உட்கார்ந்திருந்தேன்.

எத்தனை முறை வாந்தி எடுத்தேன் என்று எண்ணவில்லை. மூன்று மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனபோது, படிக்கட்டுக் கைப்பிடியில் வரிசையாகக் காகிதப் பைகள் செருகி வைத்திருந்தார்கள். மாலையில் அவை அங்கே இல்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. வரவேற்பு மேசையில் இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். காசில்லை. விழுங்கியது பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. இந்த வகை மாத்திரைகள் வருமுன் காப்பவை. நம் ஊர் மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அவோமின்கூட அப்படித்தான், கிளம்புவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். கொடைக்கானல் பஸ்ஸுக்குப் பிள்ளைகளுக்கு மறக்காமல் கொடுத்துக் கூட்டிப் போனவன், கடலுக்குப் போகும்போது மறந்திருக்கிறேன். தூக்கம் வரும், மற்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும். ஆனால் பையில் இருக்க வேண்டும்.

நான்கு மணிக்கு ஒரு பயம் வந்தது. பிரஷர் மாத்திரையும் வாந்தியில் போய்விட்டது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, பக்கத்தில் யாரும் இல்லை. இந்த இடத்தில் வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன். இரண்டு பேருக்கான கட்டிலில் பாதி விரிப்புக் கலையாமல் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்துத்தான் அழுகை. போனில் ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டு வீட்டுக்கு அடித்தேன். சிக்னல் முழுசாகக் காட்டியது. ஆறு நிமிடம் பேசினோம். "சுடுதண்ணி குடிங்க, கெட்டில்ல வைங்க" என்றாள். கெட்டில் இல்லாத கதையைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அந்தச் சிக்னல் எந்த நாட்டுடையதும் இல்லை, செயற்கைக்கோள் வழியாகக் கப்பலே தருவது. நான் போட்டிருந்த வெளிநாட்டு ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. பேசி முடித்ததும் ஃப்ளைட் மோடைத் திரும்பப் போட மறந்து தூங்கிவிட்டேன். வாட்ஸ்அப் குழுக்களில் வந்த காலை வணக்கப் பூக்களெல்லாம் செயற்கைக்கோள் வழியாக ஒவ்வொன்றாக இறங்கியிருக்கின்றன. அடுத்த மாத பில் 9,400 ரூபாய். கப்பல் கிளம்பியதும் ஃப்ளைட் மோட் போடுங்கள், கரையில் இறங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். வீட்டோடு பேச வேண்டுமென்றால் கப்பலின் வைஃபையை ஒரு நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். அதுவும் மலிவில்லை, ஆனால் எவ்வளவு என்று முன்பே தெரியும்.

விடிகிற நேரத்தில் ஆட்டம் நிற்கும் என்று பார்த்தால் இடியும் மழையுமாக ஒன்று அடித்தது. சுமத்ரா பக்கமிருந்து நீரிணையைக் கடந்து வருகிற சூறைக்காற்று அது. சிங்கப்பூர்க்காரர்கள் சுமத்ராஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் விடிகாலையில்தான் வருமாம். எட்டு மணிக்கு மருத்துவ அறைக்குப் போனேன். நர்ஸ் முதலில் கேட்டது வயிற்றுப்போக்கு இருக்கிறதா என்றுதான். இருந்தால் நோரோவைரஸ் சந்தேகத்தில் அறையிலேயே அடைத்துவிடுவார்களாம். கப்பலில் ஒருவருக்கு வந்தால் ஊருக்கே வரும். சாப்பாட்டு வாசலில் பணியாளர்கள் பாட்டுப் பாடிக் கை கழுவச் சொல்வது அதனால்தான். கையில் தடவுகிற திரவம் அந்தக் கிருமியை அவ்வளவாகக் கொல்லாது, சோப்பும் தண்ணீரும்தான் சரி. எனக்கு அது இல்லை என்றதும் ஓர் ஊசி போட்டார்கள். கையெழுத்துப் போடும்போது தொகையைப் பார்த்தேன். டாக்டர் கட்டணமும் ஊசியும் சேர்த்து 212 அமெரிக்க டாலர். கிட்டத்தட்ட 17,700 ரூபாய். நம் ஊர்க் காப்பீட்டு அட்டையெல்லாம் அங்கே செல்லாது. கட்டிவிட்டு, ரசீது வாங்கி, ஊருக்கு வந்து கேட்க வேண்டும். என்னிடம் கேட்பதற்குக் காப்பீடே இல்லை.

ஊசி போட்டதும் தூக்கம் சுழற்றியது. அன்று பதினோரு மணிக்கு எனக்கு மசாஜ் பதிவாகியிருந்தது. கடல் நாளில்தான் கூட்டம், முன்பே பதிவு செய்தால்தான் இடம் என்றதால் முதல் நாளே எடுத்தது. 139 டாலர், அதன்மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம், ஆக 164. வர முடியவில்லை என்று சொன்னேன். 24 மணி நேரத்துக்கு முன்பு சொன்னால்தான் ரத்து என்றார்கள். டாக்டர் சீட்டைக் காட்டியும் நடக்கவில்லை. 13,700 ரூபாய்க்கு யாரும் என் முதுகைத் தொடக்கூட இல்லை. இதிலிருந்து எனக்குத் தெரிந்தது, கரைக்கு இறங்கும் நாட்களில் அதே மசாஜ் விலை குறைத்துக் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அப்போது ஆள் கிடையாது. முன்பதிவு செய்யாமல் அன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டுப் போனாலே போதும்.

ஏழு மணி நேரம் தூங்கினேன். நான் தூங்கிய அந்த நேரம் முழுக்க, ஒரு சுருக்கம் இல்லாமல் கடல் துணி விரித்த மாதிரிக் கிடந்ததாம். எல்லோரும் நீச்சல் குளத்தில் இருந்தார்கள், பிங்கோ ஆடினார்கள், நாற்காலியில் படுத்திருந்தார்கள். நாலேகால் மணிக்கு எழுந்து, கால் நடுங்க லிஃப்டில் எந்தப் பொத்தானை அழுத்தினேனோ, ஐந்தாவது தளத்தில் வெளியே வந்தேன். கப்பலைச் சுற்றி நடக்கிற திறந்த வராந்தா அது. உயிர்காப்புப் படகுகள் தலைக்கு மேலே தொங்கின. "முருகா" என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரத்தில் கைப்பிடிக் கம்பிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி தமிழா?"

தூத்துக்குடிக்காரன். ஆறு மாதமாகக் கப்பலில் இருக்கிறான், இன்னும் மூன்று மாதம் இருக்கிறதாம். ராத்திரி கதையைச் சொன்னேன். சிரித்தான். "இப்ப கச்சான் காலம்லா அண்ணாச்சி, அடிக்கத்தான் செய்யும். ரூமு எங்க?" தென்மேற்குக் காற்றைத்தான் அவர்கள் கச்சான் என்பார்கள். பத்தாவது தளம், முன்பக்கம் என்றேன். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தான். "அங்க எங்களாலயே நிக்க முடியாதே. கப்பல்ல தாழ்ந்த தளம், நட்டநடு. அதான் ஆடாத இடம். ராத்திரியே இங்க வந்து உக்காந்திருக்கணும் நீங்க. தூரத்துல வானமும் கடலும் சேருது பாருங்க, கோடு மாதிரி, அதையே பாத்துக்கிட்டு இருந்தா தலை சுத்தாது. உள்ள போய்ப் படுக்கப்படாது." வெறும் வயிறும் கூடாதாம், பிரியாணியும் கூடாதாம். உப்பு பிஸ்கட்டும் பச்சை ஆப்பிளும் சாப்பிடச் சொன்னான். "இஞ்சி மிட்டாய் இருந்தா வாயில அடக்கிக்கோங்க." எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் கூவி விற்கிற இஞ்சி மிட்டாய்! மேற்பார்வையாளர் யாரோ வருவது தெரிந்ததும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டான், அதற்குமேல் பேசவில்லை.

பஃபேயிலிருந்து ஒரு பச்சை ஆப்பிள் எடுத்து வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். நீரிணை என்பதால் சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போயின, கன்டெய்னர்களை அடுக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாக. ஆறரை வரை அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தேழு. சும்மா இருப்பது எனக்குப் பழக்கமில்லை என்பதால் எண்ணினேன் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு மணி நேரமும் நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

கடைசி இரவு கணக்குச் சீட்டு வந்தது. அதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், காலையில் மேசை முன்னால் நீண்ட வரிசை நிற்கும். நான் பத்து மணிக்கே போனேன். பணியாளர் வெகுமதி என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டாலர், நான்கு நாளைக்கு 64. ஆனால் கணக்கில் 128 இருந்தது. வராத மனைவியின் பெயரிலும் போட்டிருந்தார்கள். சொன்னதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். சொல்லாவிட்டால் போயிருக்கும். கார்டில் டாலராகக் கட்டும்போது வங்கி தன் பங்குக்கு மூன்றரை சதவீதம் போட்டதையும், அதற்கு ஜிஎஸ்டி போட்டதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் கட்டணம் இல்லாத கார்டுகள் இருக்கின்றன, போவதற்கு முன் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பெரிய பெட்டியை முந்தைய இரவே கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும் என்றார்கள். வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் செருப்பும் பெட்டியோடு போயிருந்தது. அறையில் கொடுத்த துணிச் செருப்போடு சிங்கப்பூர் குடியேற்ற வரிசையில் நின்றேன். அப்போதும் எனக்கு எப்படியாவது கரையில் கால் வைத்தால் போதும் என்றிருந்தது. தரை என்னவோ இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, ஊருக்கு வந்து இரண்டு நாள்வரை குளிக்கும்போது ஆடியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பெட்டியைத் திறந்தாள். கசங்கிய சட்டைகளை எடுத்தாள், பிரிக்காத காராச்சேவு பாக்கெட்டை எடுத்தாள், நிகழ்ச்சித் தாள்களைத் தனியாக அடுக்கினாள். அடிவரை துழாவிவிட்டு நிமிர்ந்தாள்.

"கெட்டில் எங்கங்க?"

பாதுகாப்புப் பிரிவின் சீட்டு சட்டைப் பையில்தான் இருந்தது. 1,450 ரூபாய். புரூப் தாளில் கடைசி வரியாக அதையும் எழுதித்தான் 95,250 என்று கூட்டினேன்.